‘பட்டு’ன்னு சொல்லு, கண்ணு!

அட்டைப் படத்துக்குக் குழந்தையின் முகம் வேண்டும் என்று கேட்டிருந்தோம். “முகம் வேணாம் சார்” என்றார் அம்மா. உள்ளே போனவர் ஒரு பாலாடையைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். “இதை எடுத்துக்குங்க. இதாலதான் புள்ள பொழைச்சுது.”

வெள்ளிப் பாலாடை. தாய்மாமன் சீராக வந்தது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பல வீடுகளுக்கும் வருகிற சீர்தான். சில மாதம் மருந்து புகட்டிவிட்டு அலமாரிக்குள் போய்விடும். இதுவோ அடியில் ஒரு பக்கம் நசுங்கி, மூக்கு நுனி மழுங்கியிருந்தது. ஒரு விடியற்காலை மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் கைதவறி, வீட்டிலிருக்கும் நெசவுத் தறியின் குழிக்குள் விழுந்ததாம்.

பெயர் போடக் கூடாது, தெரு போடக் கூடாது என்பது அவர் முன்பே சொல்லியிருந்த நிபந்தனை. படம் ஏன் கூடாது என்றதற்கு அவர் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. “இந்த மாதிரிக் குழந்தைங்க போட்டோ போட்ட பேனர் நெறைய பாத்துட்டோம். ஆபரேஷனுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. நடுவுல நாங்க பட்டது எதுவும் அதுல இல்ல.”

குழந்தை பிறந்தது 2020 பிப்ரவரியில். பெண். இடப்பக்க மேலுதடு மூக்குத் துவாரம் வரை பிளந்திருந்தது. வாய்க்குள் அண்ணமும் பிளந்திருந்தது. பிரசவ அறையிலிருந்து குழந்தையை வாங்கியபோது துணி முகத்தையும் மூடியிருந்ததாம். “மூச்சு முட்டப் போவுதேன்னு நான்தான் வெலக்கினேன். அப்பதான் பாத்தேன்.”

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்ட முதல் கேள்வி: “கிரகணத்தன்னிக்கு என்னா பண்ணே?”

2019 டிசம்பர் 26-ல் சூரிய கிரகணம். தமிழ்நாட்டில் சில ஊர்களில் வளையமாகவே தெரிந்தது. அன்று அம்மாவுக்கு எட்டாவது மாதம். கிரகண நேரத்தில் கர்ப்பிணி கத்தியோ அரிவாள்மனையோ எடுத்தால் குழந்தையின் உதடு வெட்டுப்படும் என்பது இங்கே பாட்டிமார்களின் உறுதியான நம்பிக்கை. ‘கிரகண மூளி’ என்று அதற்கு ஒரு வசைப்பெயரே உண்டு. “நான் எதையும் நறுக்கினேனான்னு எனக்கே ஞாபகம் இல்ல சார். ஆனா எல்லாரும் கேக்கக் கேக்க, நறுக்கியிருப்பேன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன்.”

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு. கருவில் மேலுதட்டின் பகுதிகள் ஒன்றோடொன்று சேர்வது ஆறேழு வாரத்தில். அண்ணம் பன்னிரண்டு வாரத்துக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போனதே பல பெண்களுக்கு, உதடு சேரும் அந்த வாரங்களில்தான் தெரிய வரும். அந்த டிசம்பர் கிரகணத்தின்போது இந்தக் குழந்தையின் உதடு பிளவுபட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. அது நடந்தது 2019 ஜூலையில். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு அந்த ஜூலையைச் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை குளத்திலிருந்து வெளியே வரும் அத்திவரதர், ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் தரிசனம் தந்தார். ஊரே கூட்டத்தில் மிதந்தது. இதைச் சொன்னதும் அம்மாவின் முகம் மாறியது. “அப்போ நான் வரிசையில நின்னேனே, அதனாலயா?” அதனாலும் இல்லை. பழி ஓரிடத்திலிருந்து இறங்கினால் இன்னோர் இடத்தில் ஏறிக்கொள்கிறது. (ஆண்டுக்குக் குறைந்தது நான்கு கிரகணமாவது பூமிக்கு உண்டு. எந்தக் கர்ப்பத்துக்கும் பழி போட ஒன்று அகப்படும்.)

மருத்துவம் ஒற்றைக் காரணம் சொல்வதில்லை. மரபணுக்களும் கருக்காலச் சூழலும் சேர்ந்த விளைவு என்கிறது. புகை, தாயின் சர்க்கரை நோய், வலிப்புக்குத் தரும் சில மருந்துகள் ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். உலகக் கணக்கு ஏறக்குறைய 700 பிறப்புக்கு ஒன்று. ஆண்டுக்குச் சுமார் 9 லட்சம் குழந்தைகள் பிறக்கும் தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கு மேல் வரும். அடுத்த குழந்தைக்கும் வருமா என்று கேட்காத பெற்றோர் இல்லை. பெற்றோர் இருவருக்கும் பிளவு இல்லாமல் முதல் குழந்தைக்கு இருந்தால், அடுத்ததற்கு நூற்றில் மூன்று முதல் ஐந்து வரை வாய்ப்பு என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. இவர்கள் இரண்டாவது பெற்றுக்கொள்ளவில்லை. காரணம் பயமா, பணமா என்று கேட்டேன். “நேரம்” என்றார் அப்பா.

நாலரைக் கிலோ

அண்ணம் திறந்திருக்கும் குழந்தையால் உறிஞ்ச முடியாது. உறிஞ்ச வாய்க்குள் வெற்றிடம் உண்டாக வேண்டும். இங்கே காற்று மூக்கு வழியே வந்துவிடுகிறது. மார்பில் போட்டால் குழந்தை பத்து நிமிடம் போராடிவிட்டுக் களைத்துத் தூங்கிவிடும். பசியோடு தூங்கும். அம்மாவுக்குப் பால் இருக்கும், குழந்தைக்கு எடை ஏறாது. தெரியாதவர்கள் ‘தாய்ப்பால் பத்தலை’ என்பார்கள்.

இதற்கு நம் ஊரில் பழைய பாத்திரம் ஒன்று கைவசம் இருப்பது அதிர்ஷ்டம்தான். குறைமாதக் குழந்தைகளுக்குப் பால் புகட்ட இந்திய மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளிலேயே பாலாடை புழக்கத்தில் இருக்கிறது. பாலைப் பீச்சி எடுத்து, குழந்தையின் தலை உயர்ந்திருக்கும்படி மடியில் சாய்த்து, பிளவு இல்லாத பக்கக் கன்னத்தின் ஓரமாகச் சொட்டு விட்டு, விழுங்கும் வரை காத்திருந்து, அடுத்த சொட்டு. நடுநடுவே தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் எடுக்க வேண்டும். காற்றையும் சேர்த்து விழுங்குவதால் இது மற்றக் குழந்தைகளைவிட அதிகம் தேவை. சில சமயம் பால் மூக்கு வழியே வரும். துடைத்துவிட்டு மறுபடி. ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம், நாளைக்கு எட்டு வேளை. மற்ற நேரத்தில் தறி.

உதட்டு அறுவைக்கு மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் ஒரு பத்துக் கணக்கு உண்டு: பத்து வாரம், பத்து பவுண்டு எடை, ரத்தத்தில் ஹீமோகுளோபின் பத்து கிராம். பத்து பவுண்டு என்றால் நாலரைக் கிலோ. ஜரிகையை மார்க்குக் கணக்கில் நிறுத்துக் கொடுத்து, நிறுத்து வாங்குகிற வீடு இது. எடை என்றால் கண் தானாகப் போகும். வாரம் ஒருமுறை எடை பார்த்து, தறிக்கூலி எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்திருக்கிறார் அப்பா. 2.6, 2.7, 2.7, 2.9. ‘2.7’ இரண்டாம் முறை வந்த வாரத்தில் அடிக்கோடு இரண்டு.

நாலரை வந்தபோது ஊரடங்கு வந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லாத அறுவைகளெல்லாம் தள்ளிப்போயின. மே மாதம் நடக்க வேண்டியது நவம்பரில் நடந்தது. ஒரு நன்மை, ஊரே முகக்கவசம் போட்டிருந்ததால் அந்த ஆறு மாதமும் குழந்தையை வெளியே தூக்கிப்போனபோது கைக்குட்டையால் அதன் வாயை மறைப்பது யார் கண்ணையும் உறுத்தவில்லை.

“பாவு வளராது சார்”

உதட்டைத் தைப்பதையும் நெசவையும் ஒப்பிட்டு எழுதத்தான் எனக்கும் கை துறுதுறுத்தது. காஞ்சிப் பட்டின் பெருமையே கோர்வை. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில், தனித்தனி நாடாக்களில் நெய்து, ஒவ்வொரு இழையிலும் கோர்த்துக் கோர்த்து வருவார்கள். முந்திக்கு நிறம் மாறும் இடத்தில் பழைய பாவின் இழைகளோடு புதிய இழைகளைக் கையால் இணைப்பது பிட்னி. துணி கிழிந்தாலும் கிழியும், கோர்வை பிரியாது என்பது நெசவாளியின் கர்வம். இந்த ஒப்பீட்டை அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒரே வரியில் தள்ளிவிட்டார். “தறியில சேத்தா முடிஞ்சுது. பாவு வளராது சார். புள்ள மூஞ்சி வளருதே.”

இதைத்தான் பலருக்கும் புரியவைக்க முடிவதில்லை. உதட்டை மூன்று முதல் ஆறு மாதத்தில் சேர்க்கிறார்கள். அண்ணத்தைப் பேச்சு முளைக்கும் முன், ஒன்பது மாதம் தொடங்கி ஒன்றரை வயதுக்குள். காது, நடுவில் தனிக் கதை: அண்ணத்தின் தசைதான் நடுக்காதின் குழாயையும் திறந்து மூடுகிறது; அது சரியாக வேலை செய்யாததால் அண்ணப் பிளவுள்ள குழந்தைகளில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் காதுக்குள் நீர் கோர்க்கும், கேட்கும் திறன் குறையும். பிறகு ஆண்டுக்கணக்கில் பேச்சுப் பயிற்சி. எட்டு வயதை ஒட்டி, பல் ஈறில் உள்ள பிளவை நிரப்ப இடுப்பெலும்பிலிருந்து எடுத்து வைக்கும் எலும்பு ஒட்டு. பல் வரிசைக்குக் கம்பி. மேல்தாடை வளர்ச்சி பின்தங்கினால் பதினெட்டு வயதை ஒட்டித் தாடை அறுவை, அதன்பின் மூக்கு. ஒரு குழந்தை வளர்ந்து ஓட்டுரிமை வாங்கும் வரை நீளும் சிகிச்சை இது.

2009-ல் ஆஸ்கர் வாங்கிய ‘ஸ்மைல் பிங்கி’ ஆவணப்படத்தால் உத்தரப் பிரதேசச் சிறுமி ஒருத்தியின் உதடு உலகுக்கே தெரிந்தது. நல்ல படம்தான். 1999-ல் தொடங்கிய ‘ஸ்மைல் ட்ரெயின்’ போன்ற அமைப்புகள் கூட்டு மருத்துவமனைகள் வழியாக இலவச அறுவை செய்வதும் பெரிய காரியம். ஆனால் அந்தப் படம் முடிகிற இடத்தில்தான் இந்த வீட்டுக் கதையின் முதல் அத்தியாயம் முடிகிறது.

‘இலவசம்’ என்ற சொல்லையும் இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. 2013-ல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரை கண்டறிந்து சிகிச்சைக்கு அனுப்ப வேண்டிய குறைகளின் பட்டியலில் உதடு, அண்ணப் பிளவையும் வைத்திருக்கிறது. அறுவைக்கு இவர்கள் கையிலிருந்து பெரிய தொகை போகவில்லை. போனது தறி. கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். இந்தப் பக்கம் நெய்பவர், அந்தப் பக்கம் கரைக்கு நாடா தள்ளித் தருபவர். ஒரு காலத்தில் அந்த இடத்தில் சிறுவர்களை உட்காரவைத்த ஊர் இது. இப்போது பெரும்பாலும் மனைவி. அம்மா குழந்தையோடு மருத்துவமனைக்குப் பூந்தமல்லி பஸ் ஏறினால் அப்பாவின் கையும் நின்றுவிடும். கூலியோ சேலை அறுத்துக் கொடுத்தால்தான். ஒரு பாவில் மூன்று சேலை. ஒரு பாவு முடிவதற்குள் எத்தனை முறை மருத்துவமனைக்குப் போனார்கள் என்பதும் அதே நோட்டில் இருக்கிறது.

அண்ணத்துக்கு முதலில் ஒரு மருத்துவமனையில் அறுவை நடந்தது. தையல் ஓரிடத்தில் விட்டு, சிறு துளை நின்றுவிட்டது. ரசம் சாதம் மூக்கில் வந்தது. அண்ண அறுவைக்குப் பிறகு இப்படித் துளை விழுவது நல்ல கைகளிலும் நேர்வதுண்டு, அதைக் குறையாகச் சொல்லவில்லை. ‘போகப் போகச் சரியாயிடும்’ என்று சொல்லி அனுப்பியதும், அடுத்து எப்போது வர வேண்டும் என்று சொல்லாததும், பேச்சு என்ற சொல்லே அங்கே எழாததும்தான் குறை. ஒன்றரை ஆண்டு அப்படிப் போனது.

நல்ல இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? சுவரில் தொங்கும் படங்களை வைத்து அல்ல என்று இப்போது சொல்கிறார் அம்மா. அறுவை மருத்துவர், பல் சீரமைப்பவர், காது மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோர் ஒரே நாளில் ஒரே கூரையின் கீழ் குழந்தையைப் பார்க்கிறார்களா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஆண்டுக்கு எத்தனை பிளவு அறுவை செய்கிறார்கள் என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். அடுத்த ஐந்து ஆண்டுக்கான திட்டத்தைத் தாளில் எழுதித் தருகிறார்களா என்று பாருங்கள். தமிழில் பேச்சுப் பயிற்சி தர ஆள் இருக்கிறதா என்பதையும் நான் சேர்ப்பேன். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவமனையில் இப்படிக் குழுவாகப் பார்க்கும் பிளவு சிகிச்சை மையம் நெடுங்காலமாக இருக்கிறது. அவர்கள் ஒரு படி மேலே போய், திருவண்ணாமலை, கடலூர் மாவட்டங்களில் உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, பேச்சுப் பயிற்சியைக் கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். குடும்பங்கள் பயிற்சிக்கு வராததற்குக் காரணம் அக்கறையின்மை இல்லை, பஸ்தான் என்று கண்டுகொண்ட வேலை அது. மண்டையோட்டு எலும்புகள் முன்கூட்டியே ஒட்டிக்கொள்வது போன்ற பெரிய முகச் சிக்கல்களுக்கு மூளை அறுவை நிபுணரும் சேர வேண்டும். அதற்கு வேலூர் சி.எம்.சி. நமக்குப் பக்கம்.

முகத்தைத் திருத்தி மனிதரை ஊருக்குள் திரும்ப அனுப்பும் வேலை இந்த வட்டாரத்துக்குப் புதிதும் இல்லை. 1947-ல் பால் பிராண்ட் என்ற இளம் அறுவை மருத்துவர் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். மடங்கிப்போன கைகளை அங்கே பார்த்ததுதான் அவர் வாழ்க்கையை மாற்றியது. பிறகு வேலூரில் கைகளோடு மூக்கையும் புருவத்தையும்கூடச் செய்து கொடுத்தார். நோய் குணமானவரைக்கூட முகத்தைப் பார்த்து ஊர் சேர்க்க மறுத்ததால் வந்த தேவை அது.

மாவும் மண்ணும்

இரண்டரை வயதில் குழந்தை பேசத் தொடங்கியது. அம்மாவையும் அம்மா என்றது, அப்பாவையும் அம்மா என்றது. “என் மேல அவ்ளோ பாசம்னு நெனச்சேன்” என்று சிரிக்கிறார் அப்பா. பேச்சுப் பயிற்சியாளர்தான் விளக்கினாராம். குழந்தை ‘அப்பா’ என்றுதான் சொல்கிறது. வெளியே வரும்போது அது ‘அம்மா’ ஆகிவிடுகிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ‘ப’வுக்கும் ‘ம’வுக்கும் உதடு செய்யும் வேலை ஒன்றேதான். அண்ணத்தின் பின்பகுதி மேலெழுந்து மூக்கு வழியை அடைத்தால் ப, அடைக்காவிட்டால் ம. அடைக்கிற கதவு இல்லாத குழந்தைக்கு வல்லினம் பலவும் தன் இணையான மெல்லினமாகச் சரிந்துவிடும். ட போய் ண, த போய் ந. எழுத்து பிறக்கும் இடங்களைச் சொல்லும்போது தொல்காப்பியம் தலை, கழுத்து, நெஞ்சு, பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் என எட்டை எண்ணுகிறது. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த அந்தப் பட்டியலின் பொருள், இந்த வீட்டுத் திண்ணையில்தான் எனக்கு விளங்கியது.

நெசவாளி வீட்டுச் சொற்களில் வல்லினம் அதிகம். குழந்தை வாயில் தறி ‘நறி’ ஆனது. பாவு ‘மாவு’ ஆனது. பட்டு ‘மண்ணு’ ஆனது. தெருப் பிள்ளைகளுக்கு இது போதாதா? “உங்கப்பா மண்ணு நெய்யறாரா?” என்று கேட்டு ஓடுவார்களாம். ‘க’ இன்னும் கஷ்டம். காற்று வாய்க்குள் தங்காததால் குழந்தை தொண்டையிலேயே அதை வெட்டி, காக்காவை வெறும் ‘ஆ… ஆ’ என்றது. இந்தப் பழக்கம் ஒருமுறை படிந்துவிட்டால், துளையை அடைத்த பிறகும் போகாது. தசை சரியானாலும் நாக்கு பழைய வழியிலேயே போகும். வளர்ந்த பிறகு அண்ண அறுவைக்கு வருகிறவர்கள் பேச்சு உடனே தெளியும் என்று எதிர்பார்த்து ஏமாறுவது இதனால்தான்.

பயிற்சியை நேரில் பார்த்தேன். கருவி என்று சொன்னால் கைக்கண்ணாடி ஒன்று. அம்மா அதை முந்தானையில் துடைத்து, மகளின் மூக்குக்குக் கீழே பிடித்தார். “பாப்பா சொல்லு.” சொன்னாள். கண்ணாடியில் இரண்டு சின்ன வட்டமாய்ப் பனி படர்ந்தது; மூக்கில் காற்று போகிறது. துடைத்தார். “உதட்டால வெடிக்கணும். பா.” மறுபடி. மூன்றாவது முறை ஒரு வட்டம்தான் படர்ந்தது. நான்காவது முறை கண்ணாடி தெளிவாகவே இருந்தது. குழந்தை கண்ணாடியைப் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

பலூன் ஊது, மெழுகுவர்த்தி ஊது என்று சொல்லி அனுப்பும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. ஊதுவது வேறு, பேசுவது வேறு. வெறும் ஊதல் பயிற்சியால் பேச்சு திருந்துவதில்லை என்பது இத்துறையில் முடிந்துபோன விவாதம். சொல்லைச் சொல்லித்தான் சொல் வரும்.

இந்த ஊரில் பேச்சு வராத பிள்ளைக்கு மருத்துவமனைக்கு முன்பே ஒரு முகவரி உண்டு. பிறவியிலேயே பேசாதிருந்து, காமாட்சி அருளால் வாய் திறந்து ஐந்நூறு சுலோகம் பாடியதாகச் சொல்லப்படும் மூகர் இவ்வூர்க்காரர். இவர்களும் அம்மன் சன்னிதிக்குப் போனார்கள். கார்த்திகைக் கடை ஞாயிறன்று கச்சபேசுவரர் கோயிலில், தலை சம்பந்தப்பட்ட நோய் தீர மண் சட்டியில் விளக்கேற்றித் தலையில் சுமந்து சுற்றுவார்கள். அந்த மண்டை விளக்கையும் அப்பா மூன்று ஆண்டு எடுத்தார். மூன்றாம் ஆண்டு போனது, துளையை அடைக்கும் அறுவைக்கு நாள் குறித்த பிறகு. எது பலித்தது என்று கேட்டால், “ரெண்டுக்கும்தானே போனோம்” என்கிறார் மாமியார். கிரகணக் கேள்வியைக் கேட்ட அதே மாமியார்தான். காலையில் கண்ணாடி பிடிப்பது இப்போது பெரும்பாலும் அவர் வேலை.

பள்ளியில் முதல் வகுப்பு. காது காரணமாக முன் பெஞ்ச் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். பையனாக இருந்திருந்தால் ‘மீசை வந்தா மறைஞ்சுடும்’ என்று உறவினர்கள் ஆறுதல் சொல்லியிருப்பார்கள். பெண் என்பதால் இப்போதே கல்யாணக் கவலை அவர்களுக்கு. சட்டத்திலும் முகத்துக்கென்று தனி இடம் கிடையாது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் பேச்சுக் குறைபாடு உண்டு, அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு, பிறவி முகப் பிளவு என்று ஒன்று இல்லை. ‘மூளி’ என்று ஒருவன் கூப்பிட்டதற்கு இவள் பதிலுக்கு என்ன சொன்னாள் என்பதை அம்மா சொல்லத்தான் சொன்னார், அச்சில் போட முடியாது. அதில் வல்லினம் எல்லாம் சரியாக விழுந்ததாம். அதற்காகத் திட்டவில்லை.

கிளம்பும்போது அப்பா அடுத்த அறுவையைப் பற்றிப் பேசினார். எலும்பு ஒட்டு. வைகாசி கருடசேவைக்கு முன்னால் வேண்டாம், முகூர்த்த மாதத்திலும் வேண்டாம், ஆர்டர் இருக்கும், மழைக் காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஏறி எப்படியும் வேலை நிற்கும், அப்போது வைத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டிருக்கிறார். நாள் குறிப்பது நாம் இல்லை, கோரைப்பல்தான் என்றாராம் மருத்துவர். நிரந்தரக் கோரைப்பல் ஈறுக்குள் பாதி வேர் விட்டு, வெளியே வரத் தயாராகும் சமயம் பார்த்துத்தான் எலும்பு வைக்க வேண்டும்.

அது எக்ஸ்ரேயில்தான் தெரியும், இன்னும் இரண்டு வருஷமாவது ஆகும் என்று அம்மா எத்தனையோ முறை சொல்லிவிட்டார். ஆனாலும் தினம் ராத்திரி சாப்பாடு ஆனதும் அப்பா செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு மகளை ‘ஆ’ காட்டச் சொல்கிறார். அன்றும் காட்டினாள். “வந்துச்சாப்பா?” என்றாள்.